பழைய காரின் முன் கண்ணாடி: அரை நாளில் முடிக்கிற வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். எஞ்சின், பிரேக், இருக்கைத் துணி எல்லாவற்றையும் பொறுமையாக எழுதியிருந்தார்கள். முன் கண்ணாடிக்கு வந்ததும் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: பழைய ரப்பரை வெட்டி எடுத்து, புதுக் கண்ணாடியை வைத்து, சுற்றிலும் சிலிகான் அடித்துவிட்டால் அரை நாளில் வேலை முடிந்துவிடும் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வாழ்நாளில் பெரும்பகுதி கார்களுக்குக் கண்ணாடி மாட்டுவதில் போனது. இப்போது பட்டறையைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். பழைய வண்டி வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுவான். உங்கள் கட்டுரையில் சொன்னபடி சிலிகான் அடித்த வண்டிகள் கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் அப்படி ஒன்று வந்தது. வெளிர் நீல மோரிஸ் மைனர். வேறொரு இடத்தில் கண்ணாடி மாற்றி இரண்டு மழைக்காலம்கூட ஆகவில்லை. ஓட்டுபவரின் காலடியில் தரைவிரிப்பு சொதசொதவென்று இருந்தது. மழை பெய்த மறுநாள் உள்ளே ஒரே முடை நாற்றம். ரப்பரைத் தூக்கிப் பார்த்தால் அடியில் சிலிகான் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. அதன் கீழே கீழ் மூலையில் தகரம் பிஸ்கட் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. தகரம் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய நாள், பழைய கண்ணாடியைக் கழற்றிய அந்த முதல் நாள். அன்றைக்கே ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் கம்பி பிரஷ்ஷும் ஒரு டப்பா பிரைமரும் போதுமாக இருந்திருக்கும். இப்போது வெட்டி, புதுத் தகரம் வளைத்து, வெல்டிங் வைக்க வேண்டியதாகிவிட்டது.

கட்டுரை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இன்றைய கார்களைப் பார்த்துப் பழகியவர்கள் அப்படி நினைப்பது இயல்பு. புதுக் கார்களில் கண்ணாடியை யூரித்தேன் பசை போட்டு நேராக உடலோடு ஒட்டிவிடுகிறார்கள். அங்கே கண்ணாடியும் வண்டியின் பலத்தில் ஒரு பங்கு. பக்கத்து இருக்கையின் காற்றுப்பை விரியும்போது பெரும்பாலான வண்டிகளில் அது முன் கண்ணாடியில் சாய்ந்துதான் நிற்கிறது. அதனால் அங்கே பசையே முக்கியம். பசை இறுகும் வரை வண்டியை எடுக்கக்கூடாது. பழைய வண்டிகளின் கதை வேறு. தகரத்தில் சுற்றிலும் ஒரு மெல்லிய விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் பீடிங்கில் இரண்டு பள்ளம் இருக்கும். ஒன்றில் கண்ணாடி, இன்னொன்றில் அந்தத் தகர விளிம்பு. பசை எதுவும் இல்லாமல் ரப்பரின் பிடியிலேயே கண்ணாடி நிற்கும். வண்டி குலுங்கும்போது தகரம் கொஞ்சம் முறுக்கும், ரப்பர் அந்த முறுக்கைத் தாங்கிக்கொள்ளும், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. நல்ல யோசனை அது. அதன் மேல் இறுகிப்போகிற பசையை அடித்தால் அந்த யோசனையையே கெடுக்கிறோம்.

சிலிகானில் இன்னொரு கேடும் உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற சிலிகானை அடித்ததும் காடி வாசனை வருமே, அது இறுகும்போது வெளியேறும் அசிட்டிக் அமிலம். கீறல் விழுந்த, பெயின்ட் போன தகரத்தின் மேல் அது பட்டால் துருவை நாமே அழைத்து உட்கார வைத்தது போலத்தான். அப்புறம் அதன் மேல் பெயின்டும் சரியாக ஒட்டாது. ஒட்டியிருக்கும் சிலிகானை ஒட்டுமொத்தமாகச் சுரண்டி எடுப்பதற்குள் டிங்கர் வேலை செய்பவருக்குப் பொறுமை போய்விடும். கசிவை அடைக்க வேண்டுமென்றால் இறுகாத பியூட்டைல் வகை மாஸ்டிக் என்ற களிம்பு இருக்கிறது. அதையும் ரப்பருக்கு உள்ளே மெல்லிய கோடாகத்தான் விட வேண்டும்.

சரி, கண்ணாடியை மாற்றத்தான் வேண்டுமா என்பது முதல் கேள்வி. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனியில் இருந்து வந்த கண்ணாடி மேல் ஒரு பாசம் இருக்கும். மூலையில் தயாரிப்பாளர் முத்திரை பொறித்திருக்கும். கண்காட்சியில் நடுவர்கள் அதைப் பார்ப்பார்கள். அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வண்டியைச் சாலையில் ஓட்டுவதாக இருந்தால் இரவில் எதிர் வண்டியின் விளக்கு அடிக்கும்போது உட்கார்ந்து பாருங்கள். பல வருஷ மணலும் தூசியும் பட்டுக் கண்ணாடி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்திருக்கும். பகலில் பளிச்சென்று இருக்கிற அதே கண்ணாடி, விளக்கு பட்டதும் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த இரண்டு மூன்று விநாடி சாலையில் யார் நடக்கிறார்கள் என்றே தெரியாது. வைப்பர் ரப்பர் தேய்ந்து உலோகம் உரசிய வளைவுக் கீறலும் அப்படித்தான். லேமினேட்டட், அதாவது இரண்டு தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்த கண்ணாடியாக இருந்தால் ஓரங்களில் பால் போல ஒரு வெண்மை உள்ளே பரவியிருக்கும். அது நடுவிலுள்ள பிளாஸ்டிக் ஏட்டுக்கும் கண்ணாடிக்கும் ஒட்டு விட்டுப்போனதன் அடையாளம். எதைத் தடவினாலும் திரும்பி வராது.

சீரியம் ஆக்ஸைடு என்ற மெருகுப் பொடியைப் போட்டு மெருகேற்றினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. மேலோட்டமான மங்கலுக்கு அது உதவும், நானே செய்திருக்கிறேன். விரல் நகம் ஓடும்போது தட்டுப்படுகிற கீறலுக்கு உதவாது. அந்த ஆழத்துக்கு ஒரே இடத்தில் தேய்த்தால் அங்கே கண்ணாடி குழிந்து, பார்வை வளைந்து தெரியும். தேய்க்கிற சூட்டில் விரிசலும் விடலாம். ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே உள்ள இடத்தில் அந்த வேலையை நான் செய்ய மாட்டேன். கண்காட்சிக்குப் பழைய கண்ணாடி வேண்டுமென்றால் அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், ஓட்டுவதற்குப் புதியதைப் போடுங்கள்.

எந்தக் கண்ணாடி என்பதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொண்டதில்லை. முன்பக்கத்துக்கு லேமினேட்டட்தான். இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஏடு. பிரான்ஸ் நாட்டு எதுவார் பெனெதிக்துஸ் என்பவர் 1909ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண் பகுதிக்கு இந்த வகைக் கண்ணாடியைத்தான் போட்டார்கள். ஆரம்பத்தில் நடுவில் செல்லுலாய்டு இருந்தது; வெயில் பட்டு மஞ்சளாகிவிடும். 1930களின் பிற்பகுதியில் பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் வந்தபிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. வால்வோ தன் பிவி444 காரை 1944இல் அறிமுகப்படுத்தியபோதே லேமினேட்டட் முன் கண்ணாடியோடு காட்டியது. 1960களின் நடுவில் அமெரிக்கக் கார்களில் நடு ஏட்டின் தடிமன் 0.38 மில்லிமீட்டரிலிருந்து 0.76 மில்லிமீட்டராக ஏறியது. விபத்தில் தலை மோதும்போது கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய், கழுத்தும் முகமும் கிழிபடுவதைத் தடுக்கத்தான் அந்த மாற்றம். ஆகவே உங்கள் 1950களின் வண்டிக்கு இன்றைக்குச் செய்கிற லேமினேட்டட் கண்ணாடியைப் போட்டால், அது அந்தக் காலத்தில் பிறந்தபோது இருந்ததைவிடப் பாதுகாப்பான வண்டியாகிறது. வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

ஆனால் ஐரோப்பாவில், குறிப்பாக பிரிட்டனில், செய்த எத்தனையோ கார்கள் டஃபன்ட் முன் கண்ணாடியோடு வெளிவந்தன. கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைத்தால் மேற்பரப்பு இறுகி உள்ளே இழுவிசையோடு நிற்கும். பலமான கண்ணாடிதான், சந்தேகமில்லை. உடையும்போது கூர்மையான துண்டாக இல்லாமல் பொடிப்பொடிக் கட்டிகளாக உடையும். பக்கவாட்டுக் கதவுக்கும் பின்பக்கத்துக்கும் அது நல்லது. முன்னால் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், ஒரு சிறு கல் சரியான இடத்தில் பட்டால் போதும், முழுக் கண்ணாடியும் ஒரே கணத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். வேகமாகப் போய்க்கொண்டிருக்கிற வண்டியில் முன்னால் எதுவுமே தெரியாது. இதைச் சமாளிக்க ஓட்டுபவருக்கு நேரே மட்டும் பெரிய துண்டுகளாக உடையும்படி செய்த கண்ணாடிகளும் அந்தக் காலத்தில் வந்தன. அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டிருக்கிறேன். அந்த நிலைமை இன்று யாருக்கும் தேவையில்லை.

வாங்கும்போது மூலையிலுள்ள முத்திரையைப் படியுங்கள். ஐரோப்பிய விதிப்படி செய்ததில் வட்டத்துக்குள் ஒரு எழுத்தும் நாட்டின் எண்ணும், பக்கத்தில் 43ஆர் என்பதும் இருக்கும். அதோடு ரோமன் எண் இரண்டு இருந்தால் சாதாரண லேமினேட்டட் முன் கண்ணாடி. அமெரிக்க முறையில் ஏஎஸ்1 என்று போட்டிருப்பார்கள். முத்திரையே இல்லாத கண்ணாடியை, விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும், தொடாதீர்கள். ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தாலும் தெரியும்: லேமினேட்டட் என்றால் நடுவில் ஒரு கோடு ஓடும். ஜன்னலுக்குப் போடுகிற சாதாரணக் கண்ணாடியை அளவாக வெட்டி மாட்டிய பழைய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். மோதினால் அது கத்தியாகத்தான் வந்து விழும். இதைச் செய்துகொடுக்கிறவர்களை நிறுத்துங்கள் என்று உங்கள் பத்திரிகை எழுதினால் சந்தோஷப்படுவேன்.

பழைய வண்டிக்குக் கண்ணாடி கிடைக்காது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. உங்கள் வண்டியின் முன் கண்ணாடி தட்டையானதா, வளைந்ததா என்று முதலில் பாருங்கள். மோரிஸ் மைனரில் 1956 வரை நடுவில் பிரித்த இரண்டு தட்டைக் கண்ணாடிகள். அதன் பிறகு வந்த மைனர் 1000இல்தான் ஒரே வளைந்த கண்ணாடி. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் வளைந்த முன் கண்ணாடி 1303 என்ற சூப்பர் பீட்டில் வகையில் வந்தது. சாதாரண பீட்டிலுக்குக் கடைசி வரை அதிக வளைவில்லாத கண்ணாடிதான். முழுக்கத் தட்டையாக இருந்தால், விவரம் தெரிந்த கண்ணாடி வெட்டுகிறவர் லேமினேட்டட் தகட்டிலிருந்தே வெட்டிக் கொடுத்துவிடுவார். இரண்டு பக்கமும் கோடு போட்டு, மெதுவாக மடக்கி, நடு ஏட்டைச் சூடாக்கி அறுப்பார்கள். பழைய கண்ணாடி உடையாமல் இருந்தால் அதுவே அளவு. டஃபன்ட் கண்ணாடியை வாங்கிக் குறைக்கலாம் என்று நினைக்காதீர்கள், வெட்டுகிற இடத்திலேயே பொடியாகிவிடும். வளைந்த கண்ணாடியாக இருந்தால் அந்த வளைவுக்கான அச்சு வேண்டும், ஆகவே அந்த வண்டிக்கென்று செய்கிறவர்களைத் தேடித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது தடிமனையும் கேளுங்கள். ரப்பரின் பள்ளம் ஒரு தடிமனுக்கென்று அமைந்தது. ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் தளர்ந்து ஒழுகும், கூடினால் உட்காராது.

இனி கழற்றுவது. பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைக்கக்கூடாது. கல்லாகிவிட்ட ரப்பரை நெம்பிக் கண்ணாடியை உடைத்தவர்கள் நிறையப் பேர். வெளியே தெரிகிற உதட்டைக் கத்தியால் சுற்றி வெட்டிவிட்டால் கண்ணாடி தானாக விடுபடும். ஆனால் குரோம் பட்டை இருந்தால் அதை அவசரப்படாமல் எடுங்கள். ஒரு இடத்தில் மடங்கினால் பிறகு எவ்வளவு தட்டினாலும் அந்த மடிப்பு வெயிலில் தெரியும். புதிய ரப்பர் பெரும்பாலும் கிடைத்துவிடும், சில பழைய வண்டிகளின் குரோம் பட்டை கிடைக்கவே கிடைக்காது. டஃபன்ட் கண்ணாடி உடைந்து வந்த வண்டியானால், டேஷ்போர்டின் மேலுள்ள காற்று வரும் ஓட்டைகளை முதலில் நாடா ஒட்டி மூடுங்கள். கண்ணாடிப் பொடி அதற்குள் போய்விட்டால், அப்புறம் ஒருநாள் விசிறியைப் போட்டதும் நேராகக் கண்ணில் வந்து அடிக்கும். ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் உறிஞ்சியை வைத்து முழுவதும் எடுத்த பிறகுதான் விசிறியைத் தொட வேண்டும்.

இப்போது தகர விளிம்புக்கு வருகிறேன். இந்தக் கடிதம் எழுதியதே இதற்காகத்தான். கண்ணாடியும் ரப்பரும் போனபிறகு அந்த விளிம்பு முழுவதும் வெளியே தெரியும். ஒரு பழைய வண்டிக்கு அந்தச் சந்தர்ப்பம் பல வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். பெரும்பாலான கார்களில் முதலில் போவது கீழ் மூலைகள் இரண்டும். ரப்பரின் அடியில் புகுந்த தண்ணீர் அங்கேதான் வந்து தேங்கும். மேலே பெயின்ட் நன்றாக இருந்தாலும் விரலால் அழுத்திப் பாருங்கள், ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகக் குத்திப் பாருங்கள். உப்பியிருந்தால் சுரண்டுங்கள். வெள்ளைத் தகரம் தெரியும் வரை துருவை எடுக்க வேண்டும். குழிக்குள் மிச்சம் இருந்தால் பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துரு மாற்றியைத் தடவி, சொன்ன நேரம் விட்டு, கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் வெல்டிங்தான். புட்டி வைத்து மூடுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். புட்டி விளிம்பைத் தடிமனாக்கிவிடும், அதன் மேல் ரப்பர் சரியாக உட்காராது; குலுங்கும்போது புட்டி விரிந்து, அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் மறுபடி உள்ளே போகும்.

துருவை விட்டுவிட்டால் ஒழுகுவதோடு நிற்காது. துரு தான் தின்ற தகரத்தைவிட அதிக இடம் பிடிக்கும். விளிம்புக்கும் ரப்பருக்கும் நடுவில் அது வீங்கி வீங்கி, புதுக் கண்ணாடியின் ஓரத்தை ஒரே இடத்தில் அழுத்தும். கல் எதுவும் படாமலே, நிறுத்தி வைத்த வண்டியில், ஒரு காலையில் கீழ் மூலையிலிருந்து விரிசல் ஓடியிருக்கும். உடனே கண்ணாடி சரியில்லை என்று செய்தவர்களைத் திட்டுவார்கள். முன்பு எப்போதோ இடிபட்டு, டிங்கரிங் செய்து ஒப்பேற்றின வண்டிகளிலும் இதே கதைதான். கண்ணாடி உட்கார வேண்டிய சட்டமே கொஞ்சம் கோணியிருக்கும். அதனால்தான் நாங்கள் ரப்பர் மாட்டுவதற்கு முன் வெறும் கண்ணாடியை அந்தச் சட்டத்தின் வாயில் வைத்துப் பார்ப்போம். சுற்றிலும் இடைவெளி ஒரே மாதிரி வர வேண்டும். ஒரு மூலையில் மட்டும் முட்டினால் அங்கே தகரத்தைச் சரி செய்யாமல் மேலே போகக்கூடாது.

பிரைமர், பெயின்ட் எல்லாம் முடிந்ததும் அவசரப்பட்டு மாட்டக்கூடாது. பெயின்டிலுள்ள கரைப்பான் முழுக்க வெளியேறுவதற்கு நாள் வேண்டும்; கையில் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஈரம் உள்ளே இருக்கும்போது ரப்பரை அழுத்தினால் பெயின்ட் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு உரியும், தகரம் மறுபடி வெறுமையாகும். எங்கள் பட்டறையில் வண்டியை முன் கண்ணாடி இல்லாமல் மூடி வைத்துவிட்டு, பெயின்டர் சரி என்று சொல்லும் வரை காத்திருப்போம். வண்டிக்காரர்கள் தினமும் போன் செய்வார்கள். காத்திருக்கச் சொல்வோம். நீங்கள் எழுதிய அரை நாள் இங்கேயே வாரக்கணக்கில் நீண்டுவிட்டது பாருங்கள்.

புது ரப்பரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மாட்ட வேண்டாம். சுருட்டி மடித்து அனுப்பியிருப்பார்கள். வெயிலில் விரித்துப் போட்டால் இளகி வடிவத்துக்கு வரும். அப்புறம் கண்ணாடியைச் சுற்றி ஒருமுறை போட்டுப் பாருங்கள். இப்போது புதிதாகச் செய்து விற்கிற பழைய மாடல் ரப்பர்களில் மூலை வடிவம் சரியாக இல்லாதவை வருகின்றன. மூலையில் தூக்கிக்கொண்டு நின்றால் திருப்பிக் கொடுங்கள், இழுத்துச் சரிக்கட்டாதீர்கள். இழுத்து மாட்டிய ரப்பர் நாளாக ஆக தன் பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும், இணைப்பில் இடைவெளி விழும். அளவு சரியாக வந்த ரப்பர் கொஞ்சம் நீளமாக இருப்பது போலத் தோன்றும். அதை வெட்டாமல் சுற்றிலும் சமமாக நெருக்கித் தள்ளி உட்கார வையுங்கள்.

குரோம் பட்டை எப்போது போடுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். பீட்டிலில் அலங்காரப் பட்டையை ரப்பரில் முதலில் ஏற்றிவிட்டுத்தான் கண்ணாடியை வண்டியில் வைக்க வேண்டும். வேறு பல வண்டிகளில் கண்ணாடி உட்கார்ந்த பிறகு தனியாக ஒரு பூட்டுப் பட்டையை, முனையில் வளையம் வைத்த கருவியால் ரப்பரின் வெளிப் பள்ளத்தில் செருகிக்கொண்டே போக வேண்டும். அந்தப் பட்டை உள்ளே போனதும் ரப்பர் இரண்டு பக்கமும் விரிந்து கண்ணாடியையும் தகரத்தையும் இறுகப் பிடிக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று கழற்றும்போதே கவனித்து, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியை ஏற்றும் வேலை எனக்குப் பிடித்தமானது. ரப்பரைக் கண்ணாடியில் மாட்டியதும், தகரம் போக வேண்டிய பள்ளத்தில் சுற்றிலும் ஒரு நைலான் கயிற்றைப் பதிப்போம். விரல் தடிமனில் பாதிகூட வேண்டாம், மெல்லியதாக, வழவழப்பாக இருக்க வேண்டும். இரண்டு முனையும் கீழே நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வண்டிக்குள் தொங்கும்படி விட வேண்டும். விளிம்பிலும் ரப்பரிலும் சோப்புத் தண்ணீர் தடவுவோம். எண்ணெயோ கிரீஸோ தடவக்கூடாது, அது ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். இருவர் கண்ணாடியைத் தூக்கி வாயில் சரியாக நடுவில் வைப்பார்கள். வெளியே நிற்பவர் உள்ளங்கையால் அழுத்துவார். உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வர வர ரப்பரின் உள் உதடு தகரத்தின் மேல் ஏறி உள்ளே விழும். கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி, கண்ணாடிப் பரப்பை ஒட்டினாற்போல இழுக்க வேண்டும். தன் மார்பை நோக்கி இழுத்தால் ரப்பர் கிழியும். கயிறு எந்த இடத்தில் இருக்கிறதோ வெளியே இருப்பவரின் கையும் சரியாக அந்த இடத்தில் இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் முதலில், பிறகு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக, மேல்பக்கம் கடைசியில். இறுகினால் நிறுத்தி, இன்னும் சோப்புத் தண்ணீர் விட்டு, சுற்றிலும் கையால் தட்டிக்கொடுத்து உட்கார வைத்துவிட்டுத் தொடர வேண்டும். முஷ்டியால் குத்துவதோ காலால் உதைப்பதோ கூடாது. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், இரண்டு பேரும் பேசிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது. என் தம்பி மகனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது கயிற்றை அவனிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே நின்றேன். கயிறு எங்கே இருக்கிறது என்று கண்ணாடியின் அதிர்வை வைத்தே உள்ளங்கை சொல்லிவிடும். அதைக் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும்.

அதுவரை கண்ணாடியை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நடுவில் அது எவ்வளவோ தாங்கும், ஓரம்தான் பலவீனம். சிமென்ட் தரையில் மூலை பட்டால் போச்சு. மரக்கட்டை மேல் துணி விரித்து, நிற்க வைத்துச் சாய்த்து வையுங்கள்.

உட்கார்ந்த பிறகு தண்ணீர் விட்டுச் சோதிக்க வேண்டும். வண்டி கழுவுகிற வேக இயந்திரத்தால் அடித்துப் பார்ப்பது தவறு. சாதாரணக் குழாயில் மெதுவாக விட்டு, கீழ் ஓரத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். உள்ளே ஒருவர் விளக்கோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லாப் பக்கமும் வழிந்து, எங்கே நுழைந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று, தரைவிரிப்பு நனைந்தால் எப்போதும் கண்ணாடியைக் குற்றம் சொல்ல வேண்டாம். கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வரும் பெட்டியில் தண்ணீர் வடியும் துளை இருக்கும். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் அங்கிருந்தும் உள்ளே வழியும். நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். புதுக் கண்ணாடிக்குப் பழைய வைப்பர் ரப்பரைப் போடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் மணல் முதல் மழையிலேயே கோடு கிழித்துவிடும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் இணைப்பைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போகிறவர்கள் அரை நாளில் வேண்டும் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால், செய்து கொடுக்க யாராவது கிடைப்பார்கள். கண்ணாடியைக் கழற்றியதும் என்னைக் கூப்பிடுங்கள், தகரத்தைப் பார்த்த பிறகு மேலே செய்யலாம் என்று வண்டிக்காரர் சொன்னால், நல்ல வேலைக்காரர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார். மறுப்பவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம். கழற்றிய பிறகு விளிம்பைச் சுற்றிப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. பின்னால் வண்டி கைமாறினால் வாங்குகிறவருக்கும் அது பயன்படும். அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால் தகர விளிம்பின் கீழ் மூலைப் படம் ஒன்றையும் போடுங்கள். அந்த மோரிஸ் மைனரில் எடுத்தவை என்னிடம் இருக்கின்றன. வண்டிக்காரர் சம்மதம் சொல்லியிருக்கிறார். கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கார் கண்ணாடி வேலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்